பூங்காச் செலவை யார் கட்ட வேண்டும்?

சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபர் 7 அன்று கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டக்கலைச் சங்கம் ஒன்றிடமிருந்து நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2023இல் அரசு மீட்ட நிலம் அது. பரப்பு 6.09 ஏக்கர், ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் பெறும் என்று அரசுத் தரப்பே மதிப்பிட்டது. அங்கே 46 கோடி ரூபாய் செலவில் 500 மீட்டர் ஜிப்லைன், பறவைக்கூடம், ஆர்க்கிட் குடில், இசை நீரூற்று எல்லாம் அமைந்தன. அடுக்குமாடி வளாகமாகவோ நட்சத்திர விடுதியாகவோ ஆகியிருக்கக்கூடிய மனை, மரத்துக்கும் புல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. நகரின் நட்டநடுவில் இப்படி ஒரு முடிவை எடுத்ததற்காக அரசைத் தாராளமாகப் பாராட்டலாம். ஆனால் திறப்பு விழாவோடு ஒரு கட்டணப் பட்டியலும் வந்தது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். உள்ளே போன பிறகு ஜிப்லைனுக்கு 250, பறவைக்கூடத்துக்குத் தனி, நீரூற்றுக்குத் தனி, கேமராவுக்குத் தனி. ஜிப்லைனில் தொங்க ஆசைப்படுகிறவர் அதற்குக் காசு கொடுக்கட்டும். அதில் தகராறு இல்லை. பட்டியலின் முதல் வரிதான் தவறு. நகர மையத்தில் பொது நிலத்தில் உருவாகும் பசுமைவெளிக்கு வாசலில் சீட்டு இருக்கக் கூடாது. அதன் செலவை, அந்தப் பசுமையால் யாருடைய நிலத்தின் விலை ஏறுகிறதோ அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

நூறு ரூபாய் ஒரு பெரிய தொகையா என்று கேட்பார்கள். சினிமாவுக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கிறோமே என்பார்கள். சினிமாவுக்கு மாதம் ஒருமுறை போகிறோம். பூங்காவின் பயனோ அடிக்கடி போவதில்தான் இருக்கிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். மாதத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை போனால் 1,200 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் குடும்பம் என்ன செய்யும்? ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அழைத்துக்கொண்டு போகும். மற்ற நாட்களில் கடற்கரைக்குப் போகும். கட்டணம் ஆட்களைக் குறைப்பதோடு நிற்பதில்லை, அந்த இடம் எதற்கு என்பதையே மாற்றிவிடுகிறது. காசு கொடுத்து நுழைந்தவர் காசுக்கு ஏற்ற காட்சியை எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பைத் தீர்க்க நீரூற்றுக்கு இசை வேண்டியிருக்கிறது, பாலத்துக்குப் பனிமூட்டம் வேண்டியிருக்கிறது. அவற்றைப் பழுது பார்க்க மேலும் பணம் வேண்டும், மறுபடியும் கட்டணம். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பூங்கா, சில ஆண்டுகளில் பொருட்காட்சியாகிவிடும்.

அந்தப் பகுதியில் பகல் ஒரு மணிக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்தால் இழப்பு தெளிவாகத் தெரியும். அலுவலகங்கள், மருத்துவமனைகள், விடுதிகள், துணைத் தூதரகம் என்று நிரம்பிய வட்டாரம் அது. விசா நேர்காணலுக்குப் போன பிள்ளைக்காக வெயிலில் நிற்கும் பெற்றோர், முதலாளி கூட்டத்தில் இருக்கும்போது இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்துக் காருக்குள் கிடக்கும் ஓட்டுநர், அடுத்த ஆர்டர் வரும்வரை கைபேசியைப் பார்த்தபடி பைக்கிலேயே உட்கார்ந்திருக்கும் உணவு விநியோக இளைஞர், கட்டடத்தின் பின்படியில் டிபன் பாக்ஸைத் திறக்கும் துப்புரவுப் பணியாளர். இவர்களில் எவரும் ஜிப்லைன் கேட்கவில்லை. ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு நிழல், குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, அரை மணி நேரம். அதே சாலையில் எதிரே உள்ள செம்மொழிப் பூங்கா 2010இல் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. ஒரு காபிக்கு மேல் எதுவும் வாங்காமல் மணிக்கணக்கில் மரநிழலில் உட்காரவிட்டதால்தான் சென்னைக்காரர்கள் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். லாபத்துக்கு நடந்த ஓட்டல் அனுமதித்த அளவு சும்மா இருத்தலை, வரிப்பணத்தில் நடக்கும் பூங்கா அனுமதிக்கக் கூடாதா?

இனி பணத்துக்கு வருவோம்; எதிர்வாதங்களில் வலுவானது அதுதான். செடிக்குத் தண்ணீர், தோட்டக்காரருக்குச் சம்பளம், காவலாளி, மின்சாரம் எல்லாம் காற்றில் வராது. இலவசமாக விட்ட பூங்காக்கள் இரண்டே ஆண்டில் உடைந்த ஊஞ்சலும் காய்ந்த புல்லுமாக ஆவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். நியாயமான கவலைதான். ஆனால் பணம் எங்கே உண்டாகிறது என்று தேடாமல், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கேட்பது சோம்பல். அரசின் மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 6.09 ஏக்கர் என்பது சுமார் 110 கிரவுண்டு. 1,000 கோடி என்றால் கிரவுண்டு ஒன்று ஏறத்தாழ 9 கோடி ரூபாய். பூங்காவைக் கட்ட ஆன மொத்தச் செலவு அந்தச் சாலையில் ஐந்து கிரவுண்டு மனையின் விலைக்குச் சமம். சுற்றிலும் ஆயிரம் கிரவுண்டு நிலத்தின் மதிப்பு இந்தப் பசுமையால் நூற்றுக்கு ஒன்று உயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 கோடி ரூபாய், பூங்காவின் விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது கணக்குக்காக எடுத்த விகிதம்தான், ஆய்வு முடிவு அல்ல. ஆனாலும் வீட்டு விளம்பரம் படிக்கிற எவரும் ‘பூங்கா பார்த்த பால்கனி’க்கு நூற்றுக்கு ஒன்றுதான் கூடுதல் விலை என்று சொன்னால் சிரிப்பார். அந்த உயர்வுக்காக நில உரிமையாளர் ஒரு செடிகூட நடவில்லை. அவருக்கு வந்தது முழு ஆதாயம். நூறு ரூபாய் மட்டும் ஓட்டுநரிடம்.

உலகின் சில நகரங்கள் இந்தக் கணக்கை நேராகவே போட்டிருக்கின்றன. நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் அளவில் ஏறக்குறைய நம் கதீட்ரல் சாலைப் பூங்காதான்; ஆறு ஏக்கர் சொச்சம். 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாகக் கெட்டுப்போயிருந்தது. 1988இல் மூடிச் சீரமைத்து 1992இல் திறந்தார்கள். அதைச் சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்கள் ஆண்டுதோறும் தங்கள் சொத்துக்கு ஏற்ற ஒரு தொகையைக் கட்டாயமாகச் செலுத்துகிறார்கள். உணவகங்களின் வாடகையும் நிகழ்ச்சி வருமானமும் சேர்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள். சொந்தக் காலணியோடு வருகிறவர் காசில்லாமல் சறுக்கலாம், இல்லாதவர் வாடகை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வாசலுக்கும் விளையாட்டுக்கும் இடையே கோடு கிழிப்பது எப்படி என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டாம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரம் 2012இல் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தது. நகர மையத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு பள்ளத்தில் ஓடிய நெடுஞ்சாலைக்கு மேலே கான்கிரீட் தளம் போட்டு, மண் கொட்டி, 5.2 ஏக்கரில் கிளைட் வாரன் பார்க் என்ற பூங்காவை எழுப்பியது. செலவு 11 கோடி டாலர் அளவுக்கு ஆனது; அரசும் தனியாரும் பகிர்ந்துகொண்டார்கள். வாசல் திறந்தே இருக்கிறது. சுற்றுவட்டாரச் சொத்துகளின் மீது விதித்த சிறு கூடுதல் தீர்வையும் பராமரிப்புக்குப் போகிறது. அந்தப் பசுமைக்குப் பக்கத்திலேயே 42 மாடிக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று எழுந்தது. அதன் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயில், பக்கத்துச் சிற்ப அருங்காட்சியகத்தைப் பாடாய்ப் படுத்தி ஊரெங்கும் சண்டையானது வேறு கதை. பூங்கா ஓரத்து மனைக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு அந்தக் கோபுரமே சாட்சி.

அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்காது என்று ஒதுக்கத் தேவையில்லை. இதற்கு வேண்டிய உறுப்புகள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே தனித்தனியாகக் கிடக்கின்றன. பெரிய மனைப்பிரிவோ கட்டடமோ வந்தால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. சிறிய அளவுகளில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. அனுமதிக்கப்பட்ட தளப்பரப்புக்கு மேல் கட்ட விரும்புகிறவரிடம், வழிகாட்டி மதிப்பை வைத்து பிரீமியம் கட்டணம் வசூலிக்கிறார்கள். மாநகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி வாங்குகிறது. இவற்றிலிருந்து வரும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது என்பதே குறை. பூங்காவிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் வரும் வணிகக் கட்டடங்களின் கூடுதல் தளப்பரப்புக் கட்டணத்தில் ஒரு பங்கையும், அவற்றின் சொத்து வரியில் ஒரு சிறு கூடுதல் விகிதத்தையும் அந்தப் பூங்காவின் பெயரிலேயே தனிக் கணக்கில் வைக்கலாம். தெருமுனைப் பெட்டிக்கடைக்கு விலக்கு கொடுக்கலாம். புதிய சட்டம் வேண்டுமானால் சட்டமன்றம் இருக்கிறது. ஜிப்லைனுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதைவிட அது கடினமாக இருக்காது.

பணம் கொடுக்கிறவன் உரிமை கொண்டாடுவான் என்ற எதிர்வாதம் இதைவிடக் கூர்மையானது; அமெரிக்க அனுபவமே அதற்குச் சான்று தருகிறது. சிகாகோவின் மில்லேனியம் பார்க் 2004இல் திறந்தது. மறு ஆண்டே ஒரு கார் நிறுவனம் 8 லட்சம் டாலர் வாடகை கொடுத்து ஒரு நாள் முழுக்கப் பூங்காவைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள, பொதுமக்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிரையன்ட் பார்க்கில் 2010 வரை ஆண்டுக்கு இரண்டு முறை ஆடை அலங்கார விழாக்கள் கூடாரம் போட்டுப் புல்வெளியை அடைத்துக்கொண்டன. ஆகவே வரியாக வாங்க வேண்டும், நன்கொடையாக வாங்கக் கூடாது. நன்கொடையாளருக்குப் பெயர்ப்பலகை வேண்டும், நிர்வாகக் குழுவில் நாற்காலி வேண்டும், மகளின் திருமண வரவேற்புக்குப் புல்வெளி வேண்டும். வரி கட்டுகிறவருக்கு ரசீது போதும். முழுப் பூங்காவையும் எவருக்கும், அரசுத் துறைகளுக்கும்கூட, வாடகைக்கு அடைத்துக் கொடுக்கக் கூடாது என்று விதியில் எழுதிவிட்டால் இந்த ஓட்டை அடைபடும். அரசுத் துறைகளைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் புல்வெளியை மேடை போட்டு மிதிப்பதில் தனியாரைவிட அரசு விழாக்கள்தான் முன்னணியில் நிற்கின்றன.

கட்டணம் இல்லாவிட்டால் கண்டவர்களும் வருவார்கள், குப்பை சேரும், பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்ற பேச்சையும் சும்மா தள்ளிவிட முடியாது; இதைச் சொல்கிறவர்களில் பலர் பெண்கள்தான். ஆனால் ஓர் இடத்தைப் பாதுகாப்பாக வைப்பது அங்கே இருக்கும் மற்ற மனிதர்கள். பிரையன்ட் பார்க் கெட்டுப்போனதற்கு என்ன காரணம் என்று ஆராய்ந்த நகரியல் ஆய்வாளர் வில்லியம் ஒயிட், வேலியும் உயர்ந்த புதர்வரிசையும் தெருவின் பார்வையை மறைத்ததைச் சுட்டிக்காட்டினார். வழிகளை அகலமாக்கி, மறைப்பை நீக்கி, தூக்கி நகர்த்திக்கொள்ளக்கூடிய நாற்காலிகளைப் போட்டார்கள். கூட்டம் வந்தது, போதைப்பொருள் வியாபாரிகள் வேறு இடம் தேடிப் போனார்கள். தி.நகர் நடேசன் பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடக்கிறவர்களும் யோகா செய்கிறவர்களும் பேரனை ஊஞ்சலில் ஆட்டுகிறவர்களும்தான் காவல். அங்கே சீட்டு கிழிக்க ஆளில்லை. மாறாக, சீட்டு வாங்கியவர் குப்பை போடமாட்டார் என்பதற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய் வந்த எவரும் அதைச் சொல்வார்கள். குப்பையைத் தடுப்பது குப்பைத்தொட்டியும் அதைக் காலி செய்யும் ஆளும். அந்த ஆளுக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதைத்தான் மேலே சொன்னேன்.

திறந்த வாசலுக்கு இன்னொரு காரணம் உண்டு; பெரும்பாலும் பேசப்படாத காரணம். சென்னைக்கு நகர மையத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய பொதுப் பசுமை இருந்தது. 1859-60இல் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யனின் முயற்சியில், இன்றைய சென்ட்ரல் நிலையத்தையும் ரிப்பன் மாளிகையையும் ஒட்டி, 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவானது. குளங்கள், வண்டிப் பாதைகள், பிறகு உயிரியல் பூங்கா. அதன் ஓரத்தில் 1880களில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை கட்டி முடிந்தது. விளையாட்டரங்கம் வந்தது. 1985இல் உயிரியல் பூங்கா வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது, அந்த இடம் ரயில்வேக்குப் போனது. இன்று மிச்சம் மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள். இந்தப் பட்டியலில் கெட்ட நோக்கம் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நகர மன்றம், சந்தை, மாநகராட்சி அலுவலகம், விளையாட்டு, ரயில். ஒவ்வொன்றும் மக்களுக்காகத்தான். காலி நிலத்தைப் பார்த்தால் ஒவ்வொரு தலைமுறை ஆட்சியாளருக்கும் ஒரு நல்ல காரியம் நினைவுக்கு வருகிறது. 1959இல் பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. சட்டத்தைப் போட்ட அரசே விலக்கும் அளிக்கலாம் என்னும்போது அதன் பலம் அவ்வளவுதான்.

அந்த மாதிரி நேரத்தில் எதிர்த்து நிற்பது யார்? பெங்களூருவில் கப்பன் பார்க்கின் எல்லையிலிருந்து ஒரு பகுதியை நீக்க 1998இல் கர்நாடக அரசு முயன்றபோது குடிமக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் அங்கே ஒரு கட்டடம், ஒரு சாலை என்று பேச்சு எழும்போதெல்லாம் நடைப்பயிற்சியாளர் சங்கம் நீதிமன்றத்துக்கோ ஊடகத்துக்கோ போய்விடுகிறது. கப்பன் பார்க்கில் நுழைவுக் கட்டணம் இல்லை. தினமும் அதே மரத்தைச் சுற்றி நடக்கிறவருக்கு அந்த மரம் வெட்டப்படும் செய்தி அன்று காலையே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை சீட்டு வாங்கி வருகிறவர், அடுத்த முறை வரும்போது அங்கே கட்டடம் நின்றால் வேறு இடத்துக்குப் போவார். ஜிப்லைன் மூடப்பட்டதற்காக எவரும் வழக்குப் போடுவதில்லை. சிகாகோவிலும் ஏரிக்கரை நிலம் இன்று திறந்த வெளியாக இருப்பதற்குக் காரணம், அதன் எதிரே கடை வைத்திருந்த மாண்ட்கோமரி வார்ட் 1890 முதல் இருபது ஆண்டு நடத்திய வழக்குகள். அவருக்கு அந்தப் பசுமையின்மீது பக்கத்து மனைக்காரர் என்ற பாத்தியதை இருந்தது. சுற்றுவட்டாரத்தினர் வரி கட்டி, சாமானியர் தினமும் நடந்து, இருவருக்கும் பாத்தியதை இருந்தால் ஆட்சியாளர் கையை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்.

ஒன்றை மட்டும் முழுதாகத் தீர்க்க இந்த யோசனையால் முடியாது. நிலத்தின் விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் ஏழைகள் வெளியேறுவார்கள். சென்னையில் இது வாடகைக்கும் காத்திருப்பதில்லை. கூவம் கரையை அழகுபடுத்தும் பேரில் வீடிழந்த குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் இருக்கின்றன. வணிகக் கட்டடங்களின் மீது மட்டும் தீர்வை என்பது வாடகை உயர்வைத் தூண்டாமல் இருக்கும், அவ்வளவே. பக்கத்துக் குடியிருப்புகளை அந்தந்த இடத்திலேயே புதுப்பித்துத் தருவது அரசின் வேறு துறையின் கடமை, அதைப் பூங்காவின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பூங்கா வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் நிலையாவது வராமல் இருக்கும்.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரம் கிண்டியில் இருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1945இல், ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு கையகப்படுத்தியது. அதில் 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்கு என்று தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. வெள்ளநீரைத் தேக்கும் குளங்களையும் அங்கே வெட்டத் தொடங்கினார்கள். பரப்பில் அது பீப்பிள்ஸ் பார்க்கை விட இரண்டு ஏக்கர் கூடுதல். எண்பது ஆண்டு குதிரைப் பந்தயத்துக்குச் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்திருந்த நிலத்தில், நடக்க வருகிற வேளச்சேரிக்காரரிடம் ஒரு நடைக்கு நூறு ரூபாய் கேட்க அரசுக்கு வாய் வரக் கூடாது. கிண்டியைச் சுற்றி மெட்ரோ, புறநகர் ரயில், தொழிற்பேட்டை, தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், கட்டிக்கொண்டிருக்கும் கோபுரங்கள் எல்லாம் இருக்கின்றன. தீர்வை விதிக்க இதைவிடத் தோதான வட்டாரம் மாநிலத்தில் இல்லை. கோவை காந்திபுரத்தில் மத்தியச் சிறை வளாகத்தின் 45 ஏக்கரில் எழுந்த செம்மொழிப் பூங்காவுக்கும் இதே கணக்கு பொருந்தும். கிண்டிப் பூங்காவின் வாசல் திறக்கும் முன் அரசாணையில் மூன்று வரி சேர்ந்தால் போதும்: நுழைவு இலவசம், எவருக்கும் அடைத்துக் கொடுப்பதில்லை, சட்டமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் இல்லாமல் ஒரு செண்டு நிலமும் வேறு பயன்பாட்டுக்கு மாறாது. கதீட்ரல் சாலையில் முதல் வரியை மட்டும் நாளைக்கே எழுதலாம். அதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம், கட்டணப் பலகையில் ஒரு வரியை அழித்தால் போதும்.